மதினி பார்த்த கண்ணாடி

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று டிவியில் சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாகிவிடும். லாட்ஜ்காரர்களுக்குச் சந்தோஷம், மங்குஸ்தான் பழம் விற்கிறவர்களுக்குச் சந்தோஷம், வேலைவெட்டி இல்லாமல் பைக்கில் திரிகிற பயல்களுக்குக்கூடச் சந்தோஷம். இந்த வருஷம் நான் ஒருத்திதான் சாரல் என்று கேட்டாலே பல்லைக் கடித்தேன். சாரல் விழுந்தால் என் கூடம் ஒழுகும். கூடம் முழுக்க இல்லை, ஒரே இடத்தில்தான். நான் அடம்பிடித்து வைத்த கண்ணாடிக்கு நேர் கீழே.

என் பெயர் அனுசியா. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் வீடு. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். மரச் சட்டத்தில் பட்டுத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை. சுகந்தியும் இன்னும் சில பிள்ளைகளும் என்னிடம் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் தளவாய் போலீசில் ஏட்டு. சீசன் வந்தால் அவரை ஐந்தருவியில்தான் பார்க்க முடியும், விசிலும் கையுமாக.

கல்யாணமான நாளிலிருந்து போலீஸ் குடியிருப்பில் கிடந்தோம். பட்டப்பகலில் லைட் போட்டால்தான் அங்கே அரிசியில் கிடக்கிற கல் தெரியும். ஒரு தடவை டியூப் லைட்டை நம்பி நூல் எடுத்து, மயில்கழுத்துப் பச்சையில் போட வேண்டிய கொடியை நீலத்தில் போட்டுத் தொலைத்தேன். பெண்ணின் அம்மா வாசலில் நின்று பேசின பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. சொந்த வீடு என்று ஒன்று அமைந்தால் நான் உட்கார்ந்து தைக்கிற இடத்தில் தலைக்கு மேலே வானம் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. வெளிச்சம் கேட்டேன்.

அதனால் இந்தப் பழைய வீட்டை வாங்கினதும் மேற்குப் பக்கம் ஒரு கூடத்தை இழுத்துக் கட்டினோம். தட்டையான கான்கிரீட் கூரை. அதன் நடுவே கட்டில் அகலத்துக்கு ஒரு திறப்பு, திறப்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டு, கட்டின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, அதற்கு மேல் கனமான கண்ணாடி. பிளானைப் பார்த்ததும் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கூரையில போய் ஜன்னல் வைப்பாளாட்டி ஒருத்தி?"

எனக்காகப் பேசினது ஒரே ஆள்தான். அவருடைய அக்கா மூக்கம்மாள், என் மதினி. ராயகிரியில் இருக்கிறாள். எலுமிச்சைத் தோட்டக்காரி. "அவ ஒண்ணே ஒண்ணுதாம்லே கேக்கா. வச்சுக் குடுத்துட்டுப் போயேம்லே" என்று தம்பியை ஒரே அதட்டில் அடக்கினாள். அந்த ஒரு பேச்சுக்காக நான் அவளுக்குக் காலம் முழுக்கக் காப்பி போட்டுக் கொடுக்கலாம்.

பால் காய்ப்பு அன்றைக்கு எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோது மதினி மட்டும் கூடத்து நடுவில் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டும் காதில் விழவில்லை. அப்புறம் என்ன நினைத்தாளோ, கடைத்தெருவுக்குப் போய் நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிற கறுப்புத் திருஷ்டிப் பொம்மை ஒன்றை வாங்கிவந்தாள். தானே மாடியேறி, செங்கல் கட்டின் தெருவைப் பார்த்த மேற்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டாள். எல்லோர் கண்ணும் இந்தக் கண்ணாடி மேல்தான் இருக்கிறது என்றாள். உண்மைதான். தெருவில் போகிறவன் ஒவ்வொருத்தனும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

கோடை முழுக்க நான் ராணி. பச்சை பச்சையாகத் தெரிந்தது, நீலம் நீலமாகத் தெரிந்தது. வைகாசிக் கடைசியில் முதல் சாரல் விழுந்தது. சுகந்தி தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, சொட்டுது" என்றாள்.

கூரை கட்டினவர் பாண்டியராஜ் அண்ணாச்சி. கண்ணாடி போட்டவன் புளியரை ஸ்டான்லி. இரண்டு பேரையும் ஒன்றாக வரச்சொன்னது என் புத்திகெட்ட தனம்.

"நம்ம தளத்துல ஒரு குறையும் கிடையாது. கண்ணாடிக்காரன் செஞ்ச கோளாறு" என்றார் அண்ணாச்சி.

"என் கண்ணாடி ஒழுகாது அக்கா. அவ்வொ போட்ட கான்கிரீட்டுதான் தண்ணி குடிக்குது" என்றான் ஸ்டான்லி.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. வடிகுழாயை அடைத்து, மாடியில் மண் வரப்பு கட்டி, வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி தண்ணீரைக் கட்டி நிறுத்தினார். மறுநாள் வரை வைத்துப் பார்த்தோம். பழைய சுவரும் புதுக் கூரையும் சேருகிற இடத்தில்தான் பொதுவாகப் பிளந்துகொள்ளும் என்பார்கள். அங்கே சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டித் தகட்டைச் செருகியிருந்தார். அங்கேகூடச் சொட்டவில்லை. ஸ்டான்லி விடுவானா? குடம் குடமாகக் கண்ணாடி மேல் ஊற்றினான். அதுவும் சொட்டவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, அவரவர் ஜெயித்துவிட்டதாகக் கிளம்பிப் போனார்கள். அடுத்த சாரலில் மறுபடி ஒழுகியது.

விஷயம் தெரிந்து மதினி ராயகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "கண்ணு பட்டுட்டுட்டி. பொம்மை போதாது" என்று ஆகாச கருடன் கிழங்கைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். பொம்மைக்குப் பக்கத்தில் அதையும் தொங்கவிட்டாள். ஸ்டான்லி வந்து சுற்றிலும் புதிதாகப் பசை வைத்தான். ஆனாலும் ஒழுகியது, முன்னைவிட அதிகமாக. மதினி மறுபடி வந்தாள். இந்தத் தடவை கறுப்புத் துணியில் முடிந்த படிகாரம். அண்ணாச்சி செங்கல் கட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார். அதற்குப் பிறகு ஒழுகினது சொட்டாக இல்லை, கோடாக இறங்கியது.

அந்தக் கோடு ஆவணி முகூர்த்தத்துக்குத் தர இருந்த கல்யாண ரவிக்கை மேல் இறங்கி, அரக்குச் சாயம் கலைந்து பரவிவிட்டது. நான் சட்டத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு நடு வீட்டில் நின்று அழுதேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை பாண்டியராஜ் அண்ணாச்சி வருவாவ. கம்பி கட்டி, கான்கிரீட்டப் போட்டு மூடிருவோம். உனக்கு எத்தனை லைட்டு வேணுமோ அத்தனையும் மாட்டித் தாரேன்."

"லைட்டு வேண்டாம். எனக்கு வெளிச்சம் வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதானட்டி."

அந்த வார்த்தைக்கு நான் கொடுத்த பதில் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. மறுநாளும் இல்லை. கடைசியில் மனுஷன் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்து ஒரு படி இறங்கினார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கன ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு அடைச்சிரு. என் கண்ணு முன்னால ஒரு சாரலைத் தாங்கட்டும், மூட வேண்டாம். தாங்கலேன்னா மூடியாச்சு. அதுக்கு மேல பேச்சு கிடையாது."

நான் சும்மா இருப்பேனா? மாடியிலேயே குடியிருந்தேன். சனிக்கிழமை காலையில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது சாரல் வந்தது. துணியை எடுக்க ஓடினவள் அப்படியே நின்றுவிட்டேன். வேட்டியில் மேற்கு முகம் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது, கிழக்கு முகம் காய்ந்திருந்தது. மாடிப்படி ஜன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேடைப் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் நனைந்திருந்தது. அடிப்பக்கம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் இந்த மழை வானத்திலிருந்து விழுவதில்லை. செங்கோட்டைக் கணவாயிலிருந்து காற்றோடு படுக்கைவாட்டில் வருகிறது, கீழேயிருந்து மேலேகூட ஏறுகிறது. இந்த இரண்டு மகாராஜாக்களும் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள், மேலேயிருந்து ஊற்றிப் பார்த்தார்கள். ஒருத்தருக்காவது பக்கவாட்டில் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

உடனே மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, எலுமிச்சைக்கு மருந்தடிக்கிற மிஷின் நல்லா ஓடுதா?"

"ஓடுது. என்னட்டி பூச்சியா?"

"பூச்சி இல்ல, சாரல். நல்லாக் கழுவி நாளைக்குக் காலையில கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் முன் சீட்டில் மதினி, பின்னால் முதுகில் மாட்டுகிற மருந்து மிஷின். கையில் ஒரு பை வேறு. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, சுத்தியலின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டான்லியை முந்தின நாளே மிரட்டி வரவைத்திருந்தேன். வாசலில் பாண்டியராஜ் அண்ணாச்சி மணலும் ஜல்லியும் இறக்கிக்கொண்டிருந்தார். மேற்கே மலை உச்சியில் மேகம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏட்டையா மத்தியானச் சாப்பாட்டுக்கு வாராவளாம். அவ்வொ வந்ததும் வேலையத் தொடங்கணும்" என்றார் அண்ணாச்சி.

"அதுவரைக்கும் இது என் கூரை" என்றேன்.

சுகந்தியைக் கீழே கண்ணாடிக்கு அடியில் நிறுத்தினேன். பழைய வெள்ளை வேட்டியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி நடுவில் வைத்தோம், ஒரு பொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தெரிகிற மாதிரி. ஸ்டான்லி மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டான். இஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்ப, குழாய் முனையிலிருந்து அசல் குற்றாலச் சாரல் புகை மாதிரிப் பறந்தது. எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

"மொத்தமா அடிக்காத. ஒரு பக்கம் முடிச்சு அடுத்த பக்கம் போ. கீழேருந்து மேல ஏறு. எந்த இடத்துல அடிக்கும்போது சொட்டுதோ அதுதான் கள்ளன்" என்றேன்.

வடக்குப் பக்கம் அடித்தான். நான் கண்ணாடி வழியாகக் குனிந்து சுகந்தியைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினாள். கிழக்கு, இல்லை. தெற்கு, இல்லை. பாண்டியராஜ் அண்ணாச்சியும் வேலையை விட்டுவிட்டு மேலே வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார். அடுத்த வீட்டு மாடியிலும் ஆள் கூடிவிட்டது. மேகம் மலையை விட்டு இறங்கி இலஞ்சிப் பக்கம் வந்திருந்தது.

மேற்குப் பக்கம் வந்தான். கீழே அடித்தான், இடது ஓரம் அடித்தான், வலது ஓரம் அடித்தான். சொட்டவில்லை. நடுவில் பொம்மையும் கிழங்கும் படிகாரமும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இடம் வந்ததும் குழாயைத் தூக்கி, அவற்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

"ஏலே, நடுவுல ஏன் விட்ட?"

"அது திருஷ்டி கழிக்கிறது அக்கா. அதைத் தொடக்கூடாது. தொட்டவனுக்கு வந்து ஒட்டிக்கும்."

"நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன்தானலே?"

"கண்ணுக்கு என்ன வேதம் அக்கா?"

எனக்குள் என்னவோ பொறி தட்டியது. "போன தடவை பசை வச்சியே, அப்ப இதுக்குப் பின்னால வச்சியா?" அவன் விழித்தான். அண்ணாச்சியைப் பார்த்தேன். "பூச்சு அடிச்சியளே அண்ணாச்சி, பொம்மையக் கழட்டிட்டா அடிச்சிய?" அவர் கிழக்கே பார்த்தார். அவர்களைச் சொல்லி என்ன செய்ய? நானும் அத்தனை நாள் மாடியில் குடியிருந்து, அந்தப் பொம்மையை ஒரு தரம்கூட நகர்த்திப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

குழாயை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். பொம்மையின் துருத்தின நாக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"ஏட்டி, வேண்டாம்ட்டி" என்று மதினி பின்னாலிருந்து பதறினாள். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். கீழேயிருந்து சுகந்தியின் குரல் கூரையைப் பிளந்துகொண்டு வந்தது.

"அக்கா, சொட்டுது. கோடாட்டம் இறங்குது அக்கா."

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? வீடு ஒழுகுகிறது என்று கேட்டு இப்படிக் குதித்தவள் இந்தத் தென்காசி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குழாயைப் போட்டுவிட்டுப் பொம்மையைத் தூக்கினேன். பின்னால் தகட்டைக் குத்திக்கொண்டு ஒரு கான்கிரீட் ஆணி. அதைச் சுற்றிப் பூச்சு விரிந்து, செங்கல் வரைக்கும் கீறல். கிழங்கைத் தூக்கினேன், இன்னொரு ஆணி. படிகாரத்துக்குப் பின்னால் இன்னொன்று, அதில் கீறல் விரல் நுழைகிற அளவுக்கு. ஒழுக ஒழுக ஆணி, ஆணி அடிக்க அடிக்க ஒழுகல். சாரல் நேராக வந்து மோதுகிற முகத்தில் வரிசையாக வாசல் திறந்து வைத்திருந்தோம்.

சந்தோஷம் போய்க் கோபம் தலைக்கு ஏறியது. பாழாய்ப்போன ரவிக்கை ஞாபகம் வந்தது. நான் அழுத அழுகை ஞாபகம் வந்தது. வாய் நிறையக் கேள்வியோடு மதினி பக்கம் திரும்பினேன்.

அவள் அந்த ஆணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பை கீழே கிடந்தது.

"புடுங்கிறாதட்டி. கும்பிட்டுக் கேக்கேன். புடுங்குனா என் கண்ணு முழுசாப் பட்டுரும்."

"உங்க கண்ணா?"

"எங் கண்ணுதான். ஊர்க் கண்ணு இல்ல." ஆணிகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நான் கல்யாணம் ஆகிப் போன வீட்டுல வாசக்கால் வழியா வர்ற வெளிச்சம்தான். பீடி சுத்துவேன். வெளிச்சம் நகர நகர சுளகைத் தூக்கிக்கிட்டு நானும் நகருவேன். பொழுதுக்கும் அதே வேலை. பால் காய்ப்பன்னைக்கு உன் கூடத்துல வந்து நின்னேன். இவ்வளவு வெளிச்சமா, எனக்கு ஒரு துண்டு கிடைக்கலயேன்னு வயிறு எரிஞ்சுதுட்டி. ஒரு நிமிஷம்தான். உடனே பயந்துட்டேன். ஓடிப்போய்ப் பொம்மைய வாங்கியாந்தேன். அப்படியும் ஒழுகுச்சு. என்னோடதுதான் பட்டுட்டுன்னு ராயகிரியில எனக்குத் தூக்கம் கிடையாது."

என் வாயில் இருந்த கேள்வி எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்காகத் தம்பியிடம் வாதாடினவள், என்னுடைய வெளிச்சத்துக்குத் தன்னையே திருடி என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிவந்து காவல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் வேலை நடக்காது. மேகம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

"மதினி, சுத்தியலை எடுங்க. நீங்க அடிச்சதை நீங்களே புடுங்குங்க. புடுங்கிட்டுக் கீழ போய் கண்ணாடிக்கு நேர் கீழ உக்காருங்க. சாரல் நிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்காமப் பாருங்க. வயிறு எரிஞ்சாலும் பரவாயில்ல, நல்லாப் பாருங்க. ஒழுகுனா உங்க கண்ணு. நானே மூடச் சொல்லிருதேன். ஒழுகலேன்னா ஆணி."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுத்தியலை எடுத்துப் பின்பக்கக் கொக்கியால் ஆணியை நெம்பினாள். கிறீச்சென்று வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதை இரண்டு கையாலும் நெம்பினாள். மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

ஸ்டான்லி ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "ஈரத்துல பசை பிடிக்காது அக்கா. இப்பதானே நாமளே ஊத்தி நனைச்சோம்."

"சுகந்தி, தலை காய வைக்கிற மிஷினை எடுத்துட்டு வா" என்று கத்தினேன். மணப்பெண்களுக்கு ஒத்திகை அலங்காரத்துக்கு வைத்திருக்கிற டிரையர். வயரை மாடிப்படி வரைக்கும் இழுத்து, சுடுகாற்றை ஓட்டைக்குள் பிடித்தேன். ஸ்டான்லி உளியால் உதிர்ந்த பூச்சைச் சுரண்டினான். காற்று தூக்க ஆரம்பித்துவிட்டது. பாண்டியராஜ் அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, மணல் மூடிவைத்திருந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து எங்கள் தலைக்கு மேலே பிடித்தார். கூரையை மூட வந்த மனுஷன் அதைக் காப்பாற்றக் குடை பிடித்து நின்றார்.

"கண்ணாடிக்காரா, பசைய உள்ள வரைக்கும் திணி. மேலாப்புல தடவாத" என்று அதட்டல் வேறு.

"திணிக்கேன் அண்ணாச்சி. நீங்க பாயைச் சாயாமப் பிடிங்க."

ஓட்டைக்குள் பசையைத் திணித்தான். கீறல் முழுக்க அகல டேப்பை அழுத்தி ஒட்டினான். அதன் மேல் புதுத் தகடு ஒன்றை, மேல் ஓரம் கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் போகிற மாதிரிச் செருகினான். ஆணி இல்லை, திருகு இல்லை, பசை மட்டும். கடைசி ஓரத்தை விரலால் நீவும்போது அவன் புறங்கையில் முதல் துளி விழுந்தது.

நாங்கள் கீழே ஓடினோம். மதினி வேட்டி கட்டின சட்டத்துக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மடியில் இறுகிக் கிடந்தன. சாரல் வந்தது. சும்மா வரவில்லை, தென்னைமரத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தது. கண்ணாடியின் மேற்கு ஓரத்தில் தண்ணீர் மேல்நோக்கி ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். ஸ்டான்லி கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி திருமலைக் குமாரசாமியைக் கூப்பிடுவது உதட்டில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்தார். மழைக்கோட்டும் தொப்பியுமாக, ஐந்தருவியையே சுமந்துகொண்டு வந்தவர் மாதிரி. "என்ன, ஒழுகுதா?" என்று சட்டத்தின் மேல் எட்டிப் பார்த்தார்.

வெள்ளை வேட்டியின் நடுவில் சட்டென்று ஒரு ஈரப் பொட்டு.

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். என் உயிர் ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது. "பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அண்ணாச்சி பக்கம் திரும்பி, "கலவையப் போடச் சொல்லுங்க" என்றார்.

"வெளிய நம்ம ஆளுக சாரலுக்கு முன்னாலயே கலவையப் போட்டுட்டாவ ஏட்டையா" என்று அண்ணாச்சி இழுத்தார்.

"நில்லுலே" என்றாள் மதினி. தலையைக் கீழே இறக்கவே இல்லை. "எங் கண்ணு மேலதாம்லே இருக்கு. நான் உக்காந்ததுலேருந்து மேலேருந்து ஒரு சொட்டு வரல. அது உன் தொப்பித் தண்ணி. தள்ளி நில்லு."

எல்லோரும் அவர் தொப்பியைப் பார்த்தோம். விளிம்பில் அடுத்த சொட்டு திரண்டு, எங்கள் கண் முன்னாலேயே முதல் பொட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. மனுஷனைப் பிடித்து ஒரே தள்ளாகக் கதவுக்கு வெளியே தள்ளினேன். ஏட்டாவது ஒன்றாவது.

அவர் வாசலில் நின்றபடியே முழுச் சாரலையும் பார்த்தார். அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. வேட்டியில் அந்த இரண்டு பொட்டும் காய்ந்து மறைந்தன. மூன்றாவது பொட்டு விழவில்லை. கடைசியில் காற்று தணிந்து, ஈரக் கண்ணாடி வழியாக வெயில் பளீரென்று உள்ளே இறங்கியது. சுகந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள். ஸ்டான்லியும் அண்ணாச்சியும் கை குலுக்கிக்கொண்டார்கள், உடனே நினைவு வந்து விட்டுவிட்டார்கள்.

மதினி மட்டும் அசையவில்லை. வெயில் அவள் முகம் முழுக்க இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரம் பாத்துட்டேன்ட்டி" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் ஆகலயே."

"ஆகாது மதினி."

"வயிறும் எரிஞ்சுது, கொஞ்சம்."

"எரியட்டும். நாளைக்கும் பாருங்க."

வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். அக்காவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், மேலேயும் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போட்டும்" என்றார். அவருடைய பாஷையில் அது பெரிய மன்னிப்பு.

"கலவை இறுகுதே ஏட்டையா, அதை என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

அதற்கு வழி சொன்னது நான்தான். பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் நடுவே கம்பியை நிறுத்திக் கலவையைக் கொட்டச் சொன்னேன். இறுகினதும் அதைத் தூக்கி மாடியின் தெரு மூலையில் வைத்தோம். சுவரில் ஓட்டை இல்லை, தகட்டில் ஆணி இல்லை. என் வெளிச்சத்தை மூட வந்த கலவை இப்போது மதினியின் பொம்மையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஊர்க் கண்ணுக்கு ஒன்று வேண்டும்தானே. கிழங்கையும் படிகாரத்தையும் அவளே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ராயகிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். மதினி கண்ணாடிக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கலந்து கிடந்த மணிகளைச் சுகந்தியிடம் வாங்கி, பச்சை மணிகளை ஒரு தட்டிலும் நீல மணிகளை இன்னொரு தட்டிலுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் சாய்ந்துகொண்டே வந்தது. அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.